நாற்பது வருடம் அசையாத நேரங்கள்

போரோடேல், 2:34:38, வருடம் 1981. வாஸ்டேல், 3:25:21, வருடம் 1982. எனர்டேல், 3:20:57, வருடம் 1985. முதல் இரண்டும் பில்லி பிளாண்ட் ஓடியவை, மூன்றாவது கென்னி ஸ்டூவர்ட். இங்கிலாந்தின் வடமேற்கில், கம்ப்ரியாவின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில் (அந்தப் பக்கம் மலைக்கு ‘ஃபெல்’ என்று பெயர்) நடக்கும் நெடுந்தூர ஃபெல் ஓட்டங்களின் சாதனை நேரங்கள் இவை. லாங்டேலில் 1977-இல் ஆண்டி ஸ்டையன் ஓடிய 1:55:03 இவற்றுக்கும் மூத்தது.

பக்கத்தில் மாரத்தானை வைத்துப் பாருங்கள். 1985-இல் ஆண்கள் உலக சாதனை 2:07:12. 2023-இல் அது 2:00:35 ஆனது. ஷூ மாறியது, உணவு மாறியது, பயிற்சி மாறியது, நேரமும் இறங்கியது. மலையில் மட்டும் ஏன் இறங்கவில்லை?

"அந்தக் காலத்து ஆட்கள் வேறு ரகம்" என்பதுதான் எங்கே கேட்டாலும் வரும் பதில். பாதி உண்மை. போரோடேல்காரரான பிளாண்ட் கல்கொத்தனார், பந்தயப் பாதை அவருடைய வீட்டு வாசல் மாதிரி. ஸ்டூவர்ட் 1983, 84, 85 என மூன்று வருடம் தொடர்ந்து பிரிட்டிஷ் ஃபெல் சாம்பியன், பின்னாளில் மாரத்தானை 2:11:36-இல் முடித்தவர். சாதாரண ஆட்கள் இல்லைதான். ஆனால் இந்தப் பதிலுக்கு எதிர்சாட்சியாக அதே பிளாண்டின் இன்னொரு நேரம் இருக்கிறது.

கெஸ்விக் ஊரின் மூட் ஹாலில் புறப்பட்டு, 42 சிகரங்களைத் தொட்டு, 24 மணி நேரத்துக்குள் அங்கேயே திரும்புவது பாப் கிரஹாம் சுற்று. சுமார் 106 கி.மீ., ஏற்றம் மட்டும் 8,200 மீட்டர். 1932-இல் பாப் கிரஹாம் முடித்துக் காட்டியதால் இந்தப் பெயர். 1982-இல் பிளாண்ட் இதை 13 மணி 53 நிமிடத்தில் ஓடினார். 36 வருடம் கழித்து, 2018 ஜூலை 8 அன்று, கிலியன் ஜோர்னே 12:52-இல் முடித்தார். 2022-இல் ஜாக் குன்ஸ்லி அதையும் 12:23-க்கு இறக்கினார்.

வாஸ்டேல் சாதனையும் அதே 1982-இல், அதே கால்கள் ஓடியதுதான். ஒன்று உடைந்தது, இன்னொன்று அதற்குப் பிறகும் நின்றது. வித்தியாசம் ஆளில் இல்லை. பாப் கிரஹாம் சுற்று பந்தயம் அல்ல, யார் வேண்டுமானாலும் என்று வேண்டுமானாலும் ஓடலாம். வானிலையைப் பார்த்து, தரை காய்ந்த வாரத்துக்குக் காத்திருந்து, புறப்படும் மணியை நாமே வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பகுதிக்கும் வழி தெரிந்த துணை ஓட்டக்காரர்கள் உணவையும் தண்ணீரையும் சுமந்தபடி முன்னே ஓடிக் காட்டலாம். ஜோர்னே ஓடிய 2018 கோடை, பிரிட்டனில் புல்லெல்லாம் கருகிப்போன வறண்ட கோடை. பந்தயத்தில் இந்த வசதி எதுவும் கிடையாது. வாஸ்டேல் ஜூலை இரண்டாம் சனிக்கிழமை, போரோடேல் ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை. அன்று மழை என்றால் மழைதான். மறுபடி முயல ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். மேகம் மேலே, தரை காய்ந்து, காற்று அடங்கி, உச்ச உடல்நிலையில் ஒருவரும் அவரைத் துரத்த இன்னொருவரும் ஒரே சனிக்கிழமையில் சேர்வது பத்து வருடத்துக்கு எத்தனை முறை நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

தரைக்கு இவ்வளவு முக்கியத்துவம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நேய்ஸ்மித் சொன்ன பழைய விதி: மூன்று மைலுக்கு ஒரு மணி, ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் கூடுதலாக ஒரு மணி. இதைத் திருப்பிப் போட்டால், ஒரு மீட்டர் ஏறுவது 7.92 மீட்டர் சமதளத்தில் போவதற்குச் சமம். வாஸ்டேல் 33.8 கி.மீ., ஏற்றம் 2,743 மீட்டர். சமதளக் கணக்கில் 55.5 கி.மீ. பிளாண்டின் நேரத்தை இதில் வகுத்தால் கிலோமீட்டருக்கு 3:42. எனர்டேல் 37 கி.மீ., 2,286 மீட்டர், ஸ்டூவர்ட்டுக்கு 3:39. போரோடேல் 27.4 கி.மீ., 1,981 மீட்டர், அங்கே 3:35. இரண்டு பேர், மூன்று பள்ளத்தாக்கு, நான்கு வருடம், ஆனால் எண்கள் ஏழு விநாடிக்குள் உட்கார்ந்திருக்கின்றன.

இப்போது யார்க்‌ஷயரின் த்ரீ பீக்ஸ் ஓட்டத்தை எடுங்கள். 37.4 கி.மீ., 1,608 மீட்டர் ஏற்றம். 1996-இல் ஆண்டி பீஸ் ஓடியது 2:46:03. அதே கணக்கில் 3:19 வருகிறது. பீஸ் பெரிய ஓட்டக்காரர்தான், ஆனால் கிலோமீட்டருக்கு இருபது விநாடி வித்தியாசத்தை அவர் காலில் மட்டும் தேடக்கூடாது. த்ரீ பீக்ஸ் பெரும்பாலும் பாதையில் ஓடுவது, பாய்ச்சலாகப் போகலாம். வாஸ்டேலில் பாறைக்குவியல், சரளைச் சரிவு, தலைகுப்புற இறங்கும் புல்மேடு. நேய்ஸ்மித் விதி இறக்கத்துக்கு விலை போடுவதில்லை, தரையின் முரட்டுத்தனத்துக்கும் விலை போடுவதில்லை. அந்த விலைதான் இந்த இருபது விநாடி.

பந்தயங்களை வகைப்படுத்தும் ஃபெல் ரன்னர்ஸ் அசோசியேஷனும் ஏற்றத்தை வைத்துத்தான் பிரிக்கிறது. கிலோமீட்டருக்குச் சராசரி 50 மீட்டர் ஏற்றமும் அதற்கு மேலும் இருந்து, சாலைப் பகுதி 20 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் ஏ வகை. 25 மீட்டரிலிருந்து பி. தூரம் 20 கி.மீ.யும் அதற்கு மேலும் இருந்தால் நெடுந்தூரம். வாஸ்டேலின் சராசரி 81 மீட்டர், போரோடேல் 72, எனர்டேல் 62. த்ரீ பீக்ஸ் 43, அதனால் பி.

வழியைப் பற்றிப் பேசாமல் இந்த ஓட்டங்கள் புரியாது. கொடி நட்டு வழி காட்டுவது பெரும்பாலும் இல்லை. செக்பாயின்ட்டுகளை வரிசையாகத் தொட வேண்டும், நடுவில் எப்படிப் போவது என்பது உங்கள் பாடு.

ஓர் இடத்தை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். வாஸ்டேலில் பில்லர் சிகரத்திலிருந்து (892 மீ.) இறங்கினால் பிளாக் செயில் கணவாய், உயரம் சுமார் 545 மீட்டர். அடுத்து ஏற வேண்டியது கிரேட் கேபிள் (899 மீ.). நடுவில் கர்க் ஃபெல் குறுக்கே படுத்திருக்கிறது, 802 மீட்டர். அதைத் தாண்டினால் பெக் ஹெட் என்ற தாழ்வு, சுமார் 620 மீட்டர். கர்க் ஃபெல் உச்சி வழியாகப் போனால் பெக் ஹெட்டைவிட 182 மீட்டர் கூடுதலாக ஏறி, அதை அப்படியே இறங்கித் தொலைக்க வேண்டும். நேய்ஸ்மித் கணக்கின்படி எட்டால் பெருக்கினால் கிட்டத்தட்ட 1,450 மீட்டர் சமதள ஓட்டம். வடக்குச் சரிவைச் சுற்றிவரும் ஒற்றையடிப் பாதை உச்சி வழியைவிட நீளம், ஆனால் 1,450 மீட்டர் அளவுக்கு இல்லை. எனவே சுற்றுவதே லாபம்.

கணக்கு இதோடு முடிந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்திருப்பார்கள். சுற்றும் பாதையில் கல்லும் சேறும் நீரோடைப் பள்ளமும் மாறி மாறி வரும். ஒரு பக்கம் சரிந்த தரையில் ஓடும்போது மேல்பக்கக் கணுக்கால் உள்ளே மடியும், ஷூவுக்குள் பாதம் கீழ்ப்பக்கம் நழுவி ஓரத்தில் கொப்புளம் வரும். பத்து மீட்டர் தாழ்ந்துவிட்டால் பாறைத் துண்டங்களுக்குள் மாட்டி, அந்தப் பத்து மீட்டரைக் கையூன்றித் திரும்ப ஏற வேண்டும். எந்தப் பாறைக்கு மேலே போக வேண்டும், எந்த ஓடைக்குக் கீழே போக வேண்டும் என்பது வரைபடத்தில் இல்லை. பலமுறை போய்ப் பார்த்தவருக்கு மட்டுமே தெரியும். எனர்டேலில் கர்க் ஃபெல் உச்சியே செக்பாயின்ட் என்பதால் இந்தக் கேள்வியே எழாது, எல்லோரும் ஏறித்தான் ஆக வேண்டும்.

எனர்டேலின் கடைசிப் பகுதிக்குத் தனிக் குணம். பில்லர், ஹேகாக் தாண்டிய பிறகு அயர்ன் கிராக், கிராக் ஃபெல் என்று அகன்ற புல்முதுகு மெல்ல மெல்லத் தாழ்ந்து போகும். மூன்று மணி நேரம் மலையேறிய பிறகும் தட்டையில் வேகம் எடுக்கத் தெரிந்தவருக்கு அங்கே நிமிடங்கள் காத்திருக்கும். அந்தச் சாதனை ஒரு 2:11 மாரத்தான்காரரிடம் இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. வாஸ்டேல் அப்படி இல்லை. அங்கே கடைசி ஆயுதம் இறக்கம்: ஸ்காஃபெல் பைக் உச்சியிலிருந்து (978 மீ.) லிங்மெல் தாழ்வுக்கு வந்து, லிங்மெல்லின் தோளைச் சுற்றி, மூக்கு என்று அழைக்கப்படும் புல்சரிவில் ஏரிக்கரைவரை ஒரே வீழ்ச்சி.

அந்த மூக்கில் விழுகிறவர்கள் பலருக்கும் தவறு அங்கே நடப்பதில்லை. மூன்று மணி நேரம் முன்னால் நடந்திருக்கும். வாஸ்டேலின் முதல் செக்பாயின்ட் சிகரமான வின் ரிக் 535 மீட்டர், அடியிலுள்ள ஏரி 61 மீட்டரில். புறப்பட்ட உற்சாகத்தில் ஏறி, அந்தச் செங்குத்துச் சரிவைக் குதிகாலால் பிரேக் போட்டுப் போட்டு இறங்கினால் முன்தொடைத் தசை அங்கேயே நொறுங்கத் தொடங்கும். இறங்கும்போது தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது, நார்கள் கிழிவது அதில்தான். உடனே தெரியாது. அடுத்த சிகரமான சீட்டாலன் ஏற்றத்தில் எல்லாம் நன்றாகவே இருக்கும். கிரேட் கேபிளில் இருந்து இறங்கும்போது முழங்கால் மடியாமல் முறைக்கும். முதல் இறக்கத்தில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: இடுப்பைப் பின்னுக்குத் தள்ளாமல் பாதத்துக்கு மேலேயே வைத்துக்கொள்வது, அடியைச் சிறிதாக்கி எண்ணிக்கையைக் கூட்டுவது, பார்வையை நாலைந்து மீட்டர் முன்னால் வைப்பது, கைகளை அகல விட்டுவிடுவது. நின்று நின்று இறங்குவதைவிட இது பயமாக இருக்கும். தசைக்கு இதுதான் மலிவு.

எஸ்க் ஹாஸ் கணவாயிலிருந்து ஸ்காஃபெல் பைக் வரையிலான சுமார் இரண்டு கிலோமீட்டர், வாஸ்டேலுக்கும் போரோடேலுக்கும் பொது. எரிமலைப் பாறைத் துண்டங்கள் குவிந்து கிடக்கும் மேடு, மேலெல்லாம் பாசிப்படலம். காய்ந்திருந்தால் கல் விட்டுக் கல் தாவி ஓடலாம். நனைந்துவிட்டால் அதே கல் சோப்புப் பூசியது போலாகும், முதல் ஆளும் நடப்பார். பழைய சாதனைக்கும் இன்றைய வெற்றி நேரத்துக்கும் உள்ள இடைவெளியில் பெரும்பங்கை ஈர வருடங்களில் இந்த இரண்டு கிலோமீட்டரே தின்றுவிடும் என்பது என் கணிப்பு.

புதிய ஷூக்கள் இங்கே பெரிதாக உதவாததற்கும் காரணம் இதுதான். கீழே கருப்பு ரப்பர் குமிழ்கள் வைத்த, மெல்லிய அடிப்பாகம் கொண்ட வால்ஷ் ஷூ 1980-களிலேயே மலைக்காரர்களின் காலில் இருந்தது. புல்லில் பிடிக்க ஆழமான குமிழ் வேண்டும், பாறையில் பிடிக்க மெத்தென்ற ரப்பர் அகலமாகப் படிய வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். சாலையில் நேரத்தைச் சுருக்கிய தடித்த நுரையும் கார்பன் தகடும் இந்தத் தரையில் கணுக்காலை உயரத்தில் ஏற்றிவைத்து உருட்டிவிடும்.

சில இடங்களில் மலையே மெதுவாகிவிட்டது என்றும் சொல்லலாம். அரிப்பைத் தடுக்க ஃபிக்ஸ் த ஃபெல்ஸ் திட்டம் பல பாதைகளில் கல் பதித்துப் படிபோல் அமைத்திருக்கிறது. மலைக்கு அது அவசியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பதித்த கல்லின் இடைவெளி ஓடுபவரின் காலடிக்குப் பொருந்துவதில்லை, ஈரத்தில் வழுக்கவும் செய்யும். சரளைச் சரிவுகளின் கதையும் இதுதான்: சிறு கற்கள் ஆழமாகக் குவிந்திருந்தால் குதிகால் ஊன்றிச் சறுக்கிக்கொண்டே இறங்கலாம், ஆண்டுக்கணக்கில் பலர் சறுக்கிய சரிவில் கல் கீழே போய்ச் சேர்ந்துவிடும், மிஞ்சுவது இறுகிய மண்ணும் அதன்மேல் கோலி போல் உருளும் பொடிக்கல்லும்.

மேகம் இறங்கினால் வேறு பந்தயம். ஸ்காஃபெல் பைக்கிலிருந்து லிங்மெல் தாழ்வு வடமேற்கே. அதைத் தவறவிட்டு வலப்புறம் சீக்கிரமே இறங்கினால் பியர்ஸ் கில் என்ற செங்குத்துப் பிளவு வாயைத் திறந்து வைத்திருக்கிறது. கிரேட் கேபிள் உச்சியிலும் அப்படித்தான். ஸ்டை ஹெட் கணவாய் தென்கிழக்கே, விண்டி கேப் கணவாய் வடகிழக்கே. உச்சிக் கற்குவியலைச் சுற்றி ஒரு முறை திரும்பினாலே திசை போய்விடும். நம்பிக்கையோடு எனர்டேல் பக்கம் இறங்கிவிட்டால் அன்றைய பந்தயம் முடிந்தது. உச்சியைத் தொடும் முன்பே காம்பஸில் அடுத்த திசையைத் திருப்பி வைத்துவிட வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டு மேலே போய் நின்று திருப்பினால் 180 பாகை மாறிப் படிப்பது சகஜம்.

இன்னொரு நுணுக்கம். திசையில் ஒரு பாகை பிசகினால் ஒரு கிலோமீட்டரில் 17 மீட்டர் விலகுவோம். 1980-களின் தொடக்கத்தில் லேக் டிஸ்ட்ரிக்டில் வரைபட வடக்குக்கும் காந்த வடக்குக்கும் ஆறேழு பாகை வித்தியாசம். திருத்தாமல் ஓடினால் கிலோமீட்டருக்கு நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போயிருப்பார்கள். காந்த வடக்கு நகர்ந்து நகர்ந்து இப்போது அந்த வித்தியாசம் அங்கே கண்டுகொள்ளத் தேவையில்லாத அளவுக்குச் சுருங்கிவிட்டது. பழைய பயிற்சிக் குறிப்புகளைப் படித்துவிட்டுப் பாகைகளைக் கூட்டுபவர்கள்தான் இப்போது வழி தவறுவார்கள். ஜி.பி.எஸ். பார்த்து வழி கண்டுபிடிப்பதைப் பல பந்தயங்கள் அனுமதிப்பதில்லை.

சுமக்க வேண்டியவை: தையலில் டேப் ஒட்டிய, தலைமூடியுள்ள மழைச் சட்டை, மழைக் கால்சட்டை, தொப்பி, கையுறை, வரைபடம், காம்பஸ், விசில், அவசர உணவு. மொத்தம் ஒரு கிலோவுக்குள் அடக்கிவிடலாம். ஜூலையில் இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி வரும். நூறு மீட்டர் ஏறினால் முக்கால் டிகிரி வரை குறையும், பள்ளத்தாக்கில் 16 என்றால் ஸ்காஃபெல் பைக் உச்சியில் 10 அல்லது அதற்கும் கீழே. ஓடும்வரை குளிராது. கணுக்கால் பிசகி, நனைந்த பனியனோடு காற்றில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் விரல் விறைத்து ஜிப்பைக்கூட இழுக்க முடியாது. எனவே மழைச் சட்டையைப் பையின் மேலாக வையுங்கள், அடியில் அல்ல. பாதியில் விலகினால் நேராக வீட்டுக்குப் போகாமல் முடிவிடத்தில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இதை மறப்பவர் ஒருவருக்காக மீட்புக் குழு இருட்டில் மலையேறும்.

உணவில் பெரிய ரகசியம் இல்லை. உடலில் சேமிப்பாக இருக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன் 400 முதல் 500 கிராம், கடும் உழைப்பில் இரண்டு இரண்டரை மணி நேரம் தாங்கும். போரோடேல் சாதனை வேகம் அந்த எல்லையிலேயே முடிந்துவிடுகிறது. வாஸ்டேலில் கேபிள் ஏற்றம் அந்த எல்லையில்தான் தொடங்குகிறது. மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து, முதல் அரைமணியிலிருந்தே. பசித்தபின் தின்றால் வயிறு ஏற்காது, ஏற்றத்தில் மெல்லவும் முடியாது. முகட்டின் சமதளத்தில், இறக்கம் தொடங்குவதற்கு முன்னால் விழுங்கிவிடுவது வசதி.

பெண்கள் பக்கம் இதே கதை கொஞ்சம் வேறு மாதிரி. ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் ஓட்டத்தில் ஸ்டூவர்ட் 1984-இல் 1:25:34 ஓடினார். அதே நாளில் பாலின் ஹேவொர்த் 1:43:25. ஹேவொர்த்தின் நேரம் 34 வருடம் நின்றது. 2018-இல் விக்டோரியா வில்கின்சன் 1:43:01 ஓடி அதை மாற்றினார், 24 விநாடி. இவரே 2017-இல் த்ரீ பீக்ஸ் பெண்கள் சாதனையையும் 3:09:19 ஆக்கியவர். அசையாத நேரம் என்றாலே கையெட்டாத நேரம் என்று பொருளில்லை, சரியான ஆள் சரியான நாளில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

ஆட்கள் வருவதே இன்று பிரச்சினை. 1980-களில் மலையில் ஓடும் பிரிட்டிஷ்காரருக்கு ஃபெல் பந்தயங்களைத் தவிரப் போக்கிடம் குறைவு. எல்லாப் பெரிய கால்களும் ஒரே தொடக்கக் கோட்டில் நின்றன, முதலாமவர் தளர்ந்தால் இரண்டாமவர் விடமாட்டார். இன்று அதே திறமை ஆல்ப்ஸிலும் டிரெயில் ஓட்டங்களிலும் சிதறிக் கிடக்கிறது. ஜூலை இரண்டாம் சனிக்கிழமை வாஸ்டேலுக்கு வரும் ஒரு நல்ல ஓட்டக்காரர் முதல் ஒரு மணி நேரத்திலேயே தனியாகிவிட்டால், மீதி இரண்டரை மணி நேரம் அவர் துரத்துவது 1982-இல் முடிந்துபோன ஓட்டத்தின் நேரத்தை மட்டுமே.

பழைய நேரங்களை ஒப்பிடும்போது பாதை அதுவேதானா என்று முதலில் பாருங்கள். த்ரீ பீக்ஸின் பாதை மாறியிருக்கிறது. 1974-இல் ஜெஃப் நார்மன் ஓடிய 2:29:53, ஆண்டி பீஸின் நேரத்தைவிடப் பதினாறு நிமிடம் குறைவாகத் தெரியும். அது பழைய, குட்டையான பாதை. இரண்டையும் ஒரே பட்டியலில் போடக்கூடாது.